ரேஸ் டிராக்கில் படம் எடுப்பது எப்படி: டிக்கெட் வாங்குவதில் தொடங்கி படம் பொறுக்குவது வரை

ரேஸ் டிராக்குக்கு முதல் தடவை கேமராவோடு போகிறவர்கள் கொண்டுவரும் படங்களை இரண்டு கட்டாகப் பிரித்துவிடலாம். ஒரு கட்டில் கார் ஓரமாக நிறுத்தி வைத்தது போல அசையாமல் நிற்கும். இன்னொரு கட்டில் எது கார், எது வேலி என்றே தெரியாது. நல்ல கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதேதான் நடக்கிறது, ஏனென்றால் குழப்பம் பெரும்பாலும் வரிசையில் இருக்கிறது: இடம் பார்க்கும் முன் செட்டிங்கை மாற்றுகிறார்கள், சுலபமான படத்தை எடுக்கும் முன் கஷ்டமானதில் இறங்குகிறார்கள். அதனால் கீழே இருப்பதை இதே வரிசையில் செய்யுங்கள். பார்வையாளர் டிக்கெட்டில் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களை மனதில் வைத்துதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த ரேஸ், எந்த நாள்

ஃபார்முலா 1 போன்ற பெரிய போட்டியில்தான் தொடங்க வேண்டும் என்று பலருக்கு ஆசை. படம் எடுக்கப் பழக அது சரியான இடமே இல்லை. கூட்டம் நெரியும், எண் போட்ட சீட்டை விட்டு நகர முடியாது, டிராக்குக்கும் உங்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். கிளப் ரேஸ், தேசிய அளவிலான சாம்பியன்ஷிப் சுற்று, டிராக் டே (யாரும் தங்கள் வண்டியைப் போட்டியில்லாமல் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) இவையெல்லாம் பழக ஏற்றவை. காலையிலிருந்து மாலை வரை ஒன்று மாற்றி ஒன்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு வளைவு பிடிக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த வளைவுக்கு நடந்துவிடலாம்.

பெரிய போட்டிக்குத்தான் போவேன் என்றால் பயிற்சி நாள் டிக்கெட்டை விட்டுவிடாதீர்கள். ஃபார்முலா 1-ல் வழக்கமான வார இறுதியில் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரப் பயிற்சி இரண்டு இருக்கும். அன்று கூட்டம் குறைவு, பல டிராக்குகளில் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரவும் விடுவார்கள். ஸ்பிரின்ட் (முக்கிய ரேஸுக்கு முன் நடக்கும் குட்டி ரேஸ்) வைக்கும் வார இறுதியாக இருந்தால் மொத்தமே ஒரு பயிற்சிதான், அதனால் டிக்கெட் போடும் முன் அட்டவணையைப் பாருங்கள்.

டிராக்கின் நீளத்தையும் பாருங்கள். 3.337 கி.மீ. நீளமுள்ள மொனாக்கோவில் ஒரே கார் சுமார் ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு முறை உங்களைத் தாண்டும். 13.626 கி.மீ. நீளமுள்ள லே மானில் வேகமான கார்களுக்கே சுற்றுக்கு மூன்றரை நிமிடம் ஆகிறது. குட்டையான டிராக்கில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யலாம், பழகுகிறவருக்கு அதுதான் பெரிய லாபம்.

2. டிராக் வரைபடமும் வெயிலும்

டிக்கெட் வாங்கும் முன் வரைபடத்தைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்.

முதலில், வண்டி எங்கே பிரேக் பிடித்துத் திரும்புகிறது. நேர்ச்சாலையின் நடுவில் வண்டி படு வேகமாகப் போகும், ஆனால் படத்தில் எதுவும் நடக்காது. பிரேக் பிடிக்கும்போது மூக்கு கீழே குத்தும், திரும்பும்போது உடல் சாயும், கெர்ப் (வளைவோரத்தில் சற்று உயர்ந்த விளிம்பு) மேல் ஏறும்போது ஒரு சக்கரம் தூக்கும், வெளியேறும்போது பின்பக்கம் வழுக்கும். ஹேர்பின் வளைவும் (கொண்டை ஊசி வளைவு) சிகேனும்தான் (வேகத்தைக் குறைக்க அடுத்தடுத்து எதிரெதிராக வைத்த வளைவுகள்) தொடங்குகிறவருக்கு நல்ல இடங்கள். வேகம் குறைவு, வண்டிகள் நெருங்கி வரும், முந்துவதற்கான முயற்சியும் அங்கேதான் நடக்கும்.

அடுத்தது தூரம். டிராக்குக்கு வெளியே வண்டி தவறி ஓடினால் நிற்பதற்கென்று சரளைக்கல் பரப்போ அகலமான தார்ப் பரப்போ விட்டிருப்பார்கள். வேகமான வளைவுகளின் வெளிப்புறத்தில் இது மிக அகலம், பார்வையாளர் இருக்கை அதற்கும் பின்னால். உட்புறத்தில் பெரும்பாலும் கிட்டத்தில் நிற்கலாம். சேட்டிலைட் படத்தில் இந்தத் தூரத்தை அளந்தே பார்த்துவிட முடியும்.

மூன்றாவது வெயில். நீங்கள் நிற்கப்போகும் நேரத்தில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்று சூரியன் நகர்வைக் காட்டும் ஆப்பில் பாருங்கள். முதுகுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருந்தால் வேலை சுலபம். எதிர் வெயிலில் அருமையான படங்கள் கிடைக்கும், ஆனால் அது மாலையில், கை பழகிய பிறகு. உச்சி வெயில் யாருக்கும் உதவாது. ஹெல்மெட்டுக்குள் கருப்பு, காரின் மேல் வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான்.

3. டிக்கெட்டின் பின்பக்க விதிகள்

யாரும் படிப்பதில்லை, அதனால் வாசலில் மாட்டுகிறார்கள். டிரைபாடுக்கு (முக்காலி) பல இடங்களில் தடை, மோனோபாடை (ஒற்றைக்கால் தாங்கி) சில இடங்களில் விடுவார்கள். பை அளவுக்கும் சில இடங்களில் லென்ஸ் அளவுக்கும் வரம்பு உண்டு. டிரோனை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். பார்வையாளராக எடுத்த படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பெரும்பாலான பெரிய போட்டிகளின் டிக்கெட்டிலேயே நிபந்தனை இருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம், டிராக் ஓரத்தில், நிறச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் ஃபோட்டோகிராஃபர்கள் முன்கூட்டியே அனுமதி பெற்றவர்கள். பத்திரிகைக்கோ அணிக்கோ வேலை செய்வதைக் காட்டினால்தான் அந்தச் சட்டை கிடைக்கும், பாதுகாப்பு விளக்கக் கூட்டத்திலும் உட்கார வேண்டும். அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு வேலி இடுக்கில் லென்ஸை நுழைப்பது, தடுப்புக்கோட்டைத் தாண்டுவது எதுவும் வேண்டாம். மார்ஷல் (டிராக் ஓரப் பாதுகாப்புப் பணியாளர்) நகரச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் நகருங்கள். நீங்கள் பார்க்காத எதையோ அவர் ரேடியோவில் கேட்டிருப்பார்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

லென்ஸ் விஷயத்தில் பதற்றமே வேண்டாம். ஏபிஎஸ்-சி சென்சார் (முழு அளவைவிடச் சிறியது) கேமராவில் 70-300 மி.மீ. லென்ஸ் மாட்டினால், முழு அளவு சென்சார் கணக்கில் 450 மி.மீ. அளவுக்கு எட்டும். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அது போதும். 100-400 இருந்தால் சந்தோஷம். 150-600 எட்டும் தூரம் நல்லது, ஆனால் நாள் முழுக்கக் கையில் பிடித்தால் மதியத்துக்குள் தோள் இறங்கிவிடும், அப்புறம் பேனிங் (ஓடும் வண்டியோடு கேமராவையும் திருப்பி எடுப்பது) எல்லாம் ஆட்டம்தான். அதற்கு மோனோபாட் உதவும். ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ் கொண்டுபோனால் டிராக் ஓரத்தில் அடிக்கடி மாற்றாதீர்கள். ரப்பர் துகளும் தூசியும் நேராக சென்சாருக்குத்தான் போகும்.

மற்றவை: கூடுதலாக ஒரு பேட்டரி, வேகமாக எழுதும் மெமரி கார்டு இரண்டு, துடைக்கத் துணி, மழைக்குப் பிளாஸ்டிக் உறை, வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் ஒரு என்டி8 ஃபில்டர் அல்லது போலரைசர் (ஏன் என்று அடுத்த பகுதியில்), தொப்பி, நடக்க வசதியான ஷூ, தண்ணீர். காதடைப்பான் கட்டாயம். முதல் பத்து நிமிடம் சத்தம் ஜாலியாகத்தான் இருக்கும், மாலையில் காது ரீங்காரம் போடும்போதுதான் தெரியும்.

5. கேமராவை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

டிராக்கில் நின்றுகொண்டு மெனுவுக்குள் தேடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், முன்னால் ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும். கீழே உள்ளவற்றை முந்தின நாளே செய்துவிடுங்கள்.

ஷட்டர் முன்னுரிமை மோட். கேனான் டயலில் Tv, நிக்கானிலும் சோனியிலும் S என்று இருக்கும். இந்த வேலையில் நீங்கள் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம் ஷட்டர் வேகம்தான், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளட்டும்.

தொடர் ஃபோகஸ். கேனானில் செர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி. ஒற்றைப் புள்ளி அல்லது சிறிய மண்டலம் போதும். சட்டம் (ஃப்ரேம்) முழுவதையும் கேமராவிடம் விட்டால் அது வேலியையோ விளம்பரப் பலகையையோ பிடித்துக்கொள்ளும். புதிய மிரர்லெஸ் கேமராக்களில் வாகனத்தை அடையாளம் காணும் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள், சிலவற்றில் ஹெல்மெட்டையே தேடிப் பிடிக்கும். ஆனால் பத்து வண்டி கூட்டமாக வரும்போது அது எதைப் பிடிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்குக் கொடுத்தால் வண்டி வரும் முன்பே பிடித்து வைத்துக்கொண்டு, எடுக்கும் நேரத்தை மட்டும் தனியாக முடிவு செய்யலாம்.

நடுக்கத் தடுப்பை பேனிங் மோடுக்கு மாற்றுங்கள். கேனான், சோனி லென்ஸ்களில் பெரும்பாலும் மோட் 2. இது மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் திருத்தும். சாதாரண மோடில் விட்டால் நீங்கள் பக்கவாட்டில் திரும்புவதையும் நடுக்கம் என்று நினைத்துச் சில லென்ஸ்கள் எதிர்த்திசையில் இழுக்கும்.

மெக்கானிக்கல் ஷட்டரைப் பயன்படுத்துங்கள். பல கேமராக்களின் எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிக்கிறது, படித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுவதால் சக்கரம் முட்டை வடிவமாகும், பின்னணித் தூண் சாயும். நிக்கான் இசட்9 போல மிக வேகமாகப் படிக்கும் சென்சார் இருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

இனி அந்த ஃபில்டர் கதை. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, துவாரம் எஃப்/16 (எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறிதாகும்) வைத்தால் ஷட்டர் சுமார் 1/100 நொடியில் நிற்கும். நீங்கள் 1/60-க்கு இறங்கினால் கேமரா எஃப்/20 பக்கம் போகும், 1/30-ல் சில லென்ஸ்களுக்கு மூடுவதற்கு இடமே இல்லாமல் படம் வெளுத்துவிடும். அத்தனை சிறிய துவாரத்தில் கூர்மையும் குறையும், சென்சாரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தூசியும் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். என்டி8 போட்டால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகும். அதே 1/60-க்கு எஃப்/7 போதும். போலரைசர் அதைவிடக் குறைவாகத்தான் வெளிச்சத்தை வெட்டும், ஆனால் முன்கண்ணாடிப் பளபளப்பையும் சேர்த்துக் குறைக்கும். மேகம் மூடியதும் கழற்ற மறக்காதீர்கள்.

6. போகும் முன் ரோட்டில் பழகுங்கள்

பேனிங்கை ரேஸ் நாளில் கற்றுக்கொள்ள முடியாது. நடைபாதையில் பாதுகாப்பான இடத்தில் நின்று போகிற சைக்கிள், பைக், கார் எல்லாவற்றையும் பின்தொடர்ந்து எடுங்கள். வேகம் குறைவு என்பதால் 1/60, 1/30 என்று எடுத்தால் ரேஸ் டிராக்கின் கஷ்டம் ஏறக்குறைய வந்துவிடும்.

எந்தத் திசையில் பழகுவது என்பதும் முக்கியம். உலகத்தில் பெரும்பாலான டிராக்குகள் கடிகாரச் சுற்றில் ஓடுகின்றன. அப்படிப்பட்ட டிராக்கின் வெளிப்புறம் நின்று உள்ளே பார்த்தால் வண்டிகள் பெரும்பாலும் வலமிருந்து இடமாகப் போகும். இன்டர்லாகோஸ், இமோலா, ஆஸ்டின் மாதிரி எதிர்ச்சுற்று டிராக்கில் இடமிருந்து வலம். எல்லோருக்கும் ஒரு திசை சரளமாக வரும், மறு திசை முரண்டு பிடிக்கும். உங்களுக்கு முரண்டு பிடிப்பது எது என்பது வீட்டுப் பக்கத்து ரோட்டிலேயே தெரிந்துவிட்டால் நல்லது.

7. டிராக்கில் முதல் செஷன்: பாருங்கள், எடுக்காதீர்கள்

இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு வண்டிகளைப் பாருங்கள். ஒவ்வொரு டிரைவரும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் போவார். எந்தப் புள்ளியில் பிரேக், எந்தக் கெர்ப்பில் சக்கரம் தூக்குகிறது, யார் அகலமாக வெளியே வந்து புழுதி கிளப்புகிறார் என்பதெல்லாம் நாலைந்து சுற்றில் மனதில் பதிந்துவிடும். அதன் பிறகு வண்டியைத் துரத்த வேண்டியதில்லை, அது வரப்போகும் இடத்தில் காத்திருக்கலாம்.

அதே நேரத்தில் பின்னணியையும் பாருங்கள். வண்டிக்குப் பின்னால் நீல நிற போர்ட்டபிள் கழிவறை, பார்க்கிங்கில் நிற்கும் வேன்கள், வெள்ளை வானம் இருந்தால் எவ்வளவு திறமையாக எடுத்தாலும் அதுவும் சேர்ந்துதான் வரும். இரண்டடி தள்ளி நின்றாலோ உட்கார்ந்தாலோ பல நேரம் சரியாகிவிடும். பேனிங்குக்கு மரங்கள், கூட்டம், பல நிற விளம்பரத் தட்டிகள் நல்லவை, நிறக் கோடுகளாக இழுபடும். வெறும் சாம்பல் கான்கிரீட் சுவர் எவ்வளவு இழுபட்டாலும் சாம்பலாகத்தான் இருக்கும், வேகமே தெரியாது.

8. முதலில் எதிரே வரும் வண்டி

வண்டி உங்களை நோக்கி, சற்றே பக்கவாட்டாக வரும் கோணத்தில் தொடங்குங்கள். ஷட்டர் 1/1000. இந்தக் கோணத்தில் சக்கரம் சுழல்வது பெரிதாகத் தெரியாது என்பதால் வேகமான ஷட்டர் படத்தைக் கெடுக்காது. பிரேக் பிடித்துத் திரும்பும் இடத்தில் ஹெல்மெட் மீது ஃபோகஸ் வைத்து, மூன்று நான்கு ஃப்ரேம் கொண்ட சின்ன பர்ஸ்ட் (விடாமல் தொடர்ச்சியாக எடுப்பது). வண்டி கண்ணில் பட்டதிலிருந்து மறையும் வரை பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் கேமராவின் பஃபர் (கார்டில் எழுதும் முன் படங்களைத் தேக்கி வைக்கும் இடம்) நிரம்பி, சரியான நொடியில் நின்றுவிடும்.

பைக் என்றால் இந்த வேலை இன்னும் சுவாரசியம். மோட்டோஜிபி (உயர்மட்ட பைக் ரேஸ்) பைக்குகள் வளைவில் 60 டிகிரிக்கு மேல் சாய்கின்றன, முழங்கால் மட்டுமில்லை, முழங்கையே தரையில் உரசும். வளைவின் உட்புள்ளியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் எடுத்தால் சாய்வும் கிடைக்கும், ஓட்டுபவர் பார்வை உங்கள் பக்கமும் இருக்கும். தாண்டிய பிறகு எடுத்தால் முதுகும் சைலன்சரும்தான்.

இந்தப் படங்கள் பத்திரமாகக் கார்டில் விழுந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். அன்றைக்கு மற்ற எல்லாமே சொதப்பினாலும் கையில் சில நல்ல படம் இருக்கும், அந்த நிம்மதியில்தான் பேனிங்கில் துணிந்து இறங்க முடியும்.

ஒரு எச்சரிக்கை: வெயில் ஏறியதும் தார்ச்சாலைக்கு மேல் கானல் அலையாடும். தூரத்து வண்டியை 600 மி.மீ.-ல் இழுத்து எடுத்தால் படம் தண்ணீருக்கு அடியில் எடுத்தது போல நெளியும். ஃபோகஸ் தவறு என்று நினைத்துச் செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அது காற்றின் வேலை, எந்த லென்ஸாலும் தீராது. வண்டி கிட்ட வரும் இடத்துக்கு மாறுங்கள், இல்லை தூரப் படங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

9. பேனிங்: ஒவ்வொரு படியாக இறங்குங்கள்

பக்கவாட்டில் ஓடும் வண்டியை 1/2000-ல் எடுத்தால் சக்கரத்தின் ஆரங்களை எண்ணிவிடலாம். அதனால்தான் நிறுத்தி வைத்த கார் போலத் தெரிகிறது. சக்கரமும் பின்னணியும் கலங்கி, வண்டி மட்டும் தெளிவாக இருந்தால்தான் வேகம் தெரியும். அதற்கு ஷட்டரைக் குறைத்து, வண்டியோடு கேமராவும் திரும்ப வேண்டும்.

எவ்வளவு குறைப்பது? மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் நகரும். 1/1000 நொடிக்குள் அது 5.5 செ.மீ.தான் போகும். 1/125-ல் 44 செ.மீ., 1/30-ல் ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல். அந்த நகர்வு முழுவதையும் உங்கள் இடுப்பு ஈடுகட்ட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் ஏன் நேராக 1/30-க்குப் போகக் கூடாது என்பது புரியும்.

இப்படி இறங்குங்கள்: 1/320-ல் தொடங்கி, வரிசையாகத் தெளிவான படங்கள் வந்தால் 1/250. அதுவும் கைவந்தால் 1/160, 1/125, பிறகு 1/80, 1/60. ஒரு படியில் தொடர்ந்து தவறினால் ஒரு படி மேலே ஏறிக் கையைச் சரிசெய்துகொண்டு மறுபடி இறங்குங்கள். 1/60-க்குக் கீழே பத்தில் ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம், அனுபவசாலிகளுக்கும் அங்கே குப்பைதான் அதிகம். அப்புறம், எல்லா வளைவுக்கும் ஒரே எண் பொருந்தாது. நேர்ச்சாலையில் 1/250 கொடுக்கும் இழுப்பை மெதுவான ஹேர்பினில் பெற 1/60 வரை இறங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே கேமரா திரும்பும் வேகமே குறைவு.

நிற்கும் விதம்தான் பாதி வேலை. எந்த இடத்தில் பட்டனை அழுத்தப் போகிறீர்களோ அந்த இடத்தை நோக்கிக் கால்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்புக்கு மேலே மட்டும் திருப்பி, வண்டி வரும் பக்கம் போங்கள். அழுத்தும் நேரத்தில் உடல் முறுக்கு தளர்ந்து இயல்பான நிலைக்கு வந்திருக்கும், அப்போதுதான் அசைவு சீராக இருக்கும். வண்டி வரும் பக்கம் பார்த்தபடி கால் ஊன்றுகிறவர்களுக்கு எடுக்க வேண்டிய இடத்தில் முறுக்கு உச்சத்தில் இருக்கும், கேமரா திணறும்.

முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வண்டி தூரத்தில் தெரியும்போதே ஃபோகஸ் பிடித்துப் பின்தொடரத் தொடங்குங்கள். ஃபோகஸ் புள்ளியை வண்டியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஹெல்மெட்டிலோ கதவிலுள்ள எண்ணிலோ, ஒட்டி வைத்தாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். மென்மையாக அழுத்தி நாலைந்து ஃப்ரேம் எடுங்கள், எடுத்து முடித்த பிறகும் சற்று தூரம் வண்டியோடு திரும்பிக்கொண்டே இருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான்: ஷட்டர் சத்தம் கேட்டதும் கை தானாக நின்றுவிடும், அந்த நிற்றல் ஷட்டர் திறந்திருக்கும்போதே தொடங்கிவிடும்.

இன்னொரு புகாரும் அடிக்கடி வரும்: மூக்கு தெளிவு, வால் கலங்கல். இது கைப்பிசகு அல்ல, நிற்கும் இடத்தின் பிசகு. வண்டி நேர்க்கோட்டில் உங்களைத் தாண்டும்போது முன்பக்கமும் பின்பக்கமும் உங்களிடமிருந்து வேறு வேறு தூரத்தில் இருப்பதால், உங்கள் பார்வையில் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன. கேமரா ஏதாவது ஒன்றின் வேகத்தோடுதான் ஒத்துப்போக முடியும். வண்டி உங்கள் பார்வைக்குச் சரியாகக் குறுக்காக, முழுப் பக்கவாட்டில் இருக்கும் கணத்தில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. அதைவிட நல்லது, வளைவின் உட்புறத்தில் நிற்பது. அங்கே வண்டி உங்களைச் சுற்றி வட்டம் போடுகிறது, தூரம் ஏறக்குறைய மாறாது, மூக்கிலிருந்து வால் வரை ஒரே தெளிவு கிடைக்கும். 1/60-ஐத் தொட விரும்புகிறவர்கள் முதலில் இப்படி ஒரு இடத்தைத் தேடுங்கள். மெதுவான பேனில் ஹெல்மெட் மட்டும் தெளிவாக, மற்றதெல்லாம் இழுபட்டு வந்த படமும் அழகாக இருக்கும், ஆனால் அது நீங்கள் நினைத்து எடுத்ததாக இருக்கட்டும்.

சட்டத்துக்குள் வண்டியை முழுக்க அடைக்காதீர்கள். வண்டிக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுங்கள். மூக்கோ இறக்கையோ வெட்டுப்படாமல் இருக்கவும் இது உதவும், பிறகு நேராக்கி வெட்டவும் இடம் இருக்கும்.

10. வேலி வழியாக எடுக்கும்போது

நல்ல இடங்களில் எல்லாம் வேலி இருக்கும். விதி அனுமதிக்கும் அளவுக்கு வேலிக்கு நெருக்கமாகப் போங்கள், துவாரத்தை எஃப்/4, எஃப்/5.6 என்று திறந்து வையுங்கள், வண்டி வேலியிலிருந்து தள்ளி இருக்கட்டும். கம்பி ஃபோகஸுக்கு வெகு வெளியே போய்க் கரைந்துவிடும். வெயில் நேராக அடிக்கும் கம்பி பளபளத்து வெள்ளைத் திரை போடும், அதனால் நிழலில் இருக்கும் வேலிப் பகுதியைத் தேடுங்கள்.

ஆனால் பேனிங்கில் இது சிக்கலாகிறது. மெதுவான ஷட்டருக்குத் துவாரம் தானாகச் சுருங்கும், சுருங்கினால் கம்பி தலைகாட்டும். கேமரா திரும்புவதால் கம்பிகள் கோடாகத் தெரியாமல் மங்கலான பனிப்படலம் போல விழும், படம் வெளிறிப்போகும். இங்கேதான் என்டி ஃபில்டர் தன் காசுக்கு வேலை செய்யும். கேமரா கம்பியையே ஃபோகஸ் செய்துகொண்டிருந்தால், லென்ஸில் உள்ள ஃபோகஸ் வரம்புச் சுவிட்சைத் தூரத்துக்கு மாற்றுங்கள், கிட்டத்தில் தேடுவதை அது நிறுத்திவிடும்.

11. ரேஸ் நேரத்தில் எது எப்போது கிடைக்கும்

பயிற்சியில் இதுவரை சொன்னதையெல்லாம் முடித்திருந்தால் ரேஸில் சம்பவங்களுக்காக நிற்கலாம். கூட்டமாக வண்டிகள் வருவது பெரும்பாலும் முதல் சுற்றில்தான், அதற்கு முதல் வளைவு தெரியும் இடத்தில், 1/1000-ல், சற்று அகலமான சட்டத்தோடு காத்திருங்கள். பாதுகாப்புக் கார் (விபத்து நேரத்தில் முன்னால் மெதுவாகப் போய் எல்லோரையும் வேகம் குறைக்க வைக்கும் கார்) வந்து போன பிறகு மறுபடி ஒரு முறை வண்டிகள் நெருங்கும்.

கொடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, அங்கே முந்தக் கூடாது, வேகம் குறையும், அந்த வளைவில் சண்டைப் படம் கிடைக்காது. நீலம் என்றால் பின்தங்கிய காரை ஒரு சுற்று முந்தப்போகும் கார் பின்னால் நெருங்குகிறது, இரண்டு வண்டி ஒரே சட்டத்தில் வரும். சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம், பேட்டரி மாற்றிக்கொள்ளும் நேரம்.

ஃபார்முலா 1 காரின் அடியில் பறக்கும் தீப்பொறி வேண்டுமானால் ரேஸின் தொடக்கச் சுற்றுகளில் எடுங்கள். 2015 முதல் அடித்தட்டில் டைட்டானியத் துண்டுகள் இருக்கின்றன, அவை தரையில் உரசும்போதுதான் பொறி வரும். முழு எரிபொருளோடு கார் கனமாக இருக்கும்போது அதிகம் தாழ்ந்து உரசும். மேடுபள்ளமான இடமும் பின்னணியில் இருட்டும் இருந்தால் நன்றாகத் தெரியும். ஜிடி கார்களில் (ரோட்டில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து உருவாக்கிய ரேஸ் கார்கள்) பிரேக் பிடிக்கும் இடத்தில் சைலன்சர் வழியே தீ துப்புவது தற்செயலாகத்தான் படத்தில் விழும். அங்கே மட்டும் நீளமான பர்ஸ்ட் போடலாம்.

ரேஸ் முடிந்ததைக் காட்டும் கட்டக்கொடி விழுந்ததும் பையை மூடிவிடாதீர்கள். அடுத்து வரும் மெதுவான சுற்றில் ஓட்டுபவர்கள் கையசைப்பார்கள், மார்ஷல்கள் வேலியோரம் வந்து கொடி ஆட்டுவார்கள், பைக் ரேஸில் எழுந்து நின்றே ஓட்டுவார்கள். வேகம் இல்லாததால் 1/250 போதும்.

12. மழையும் இரவும்

மழை வந்தால் பலர் ஓடுவார்கள், உங்களுக்கு நல்ல இடம் காலியாகும். ஃபார்முலா 1-ன் முழு மழை டயர் ஒன்று மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரியிறைக்கும் என்பது டயர் தயாரிக்கும் பிரெல்லியின் கணக்கு. அந்தத் தண்ணீர்த் திரைக்குப் பின்னால் வரும் வண்டியை ஃபோகஸ் பிடிக்காது, அதனால் கூட்டத்தின் முன்னால் வரும் வண்டியைக் குறிவையுங்கள். லென்ஸ் ஹூட்டை (லென்ஸ் முனையில் மாட்டும் குழல் மறைப்பு) கழற்றாதீர்கள், கண்ணாடியில் துளி விழுவதைப் பெருமளவு தடுப்பது அதுதான்.

இரவில் ஹெட்லைட் நேராக அடித்தால் கேமரா ஏமாந்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். மேனுவல் மோடுக்கு மாறி ஒரு முறை சரிபார்த்து அப்படியே விட்டுவிடுங்கள். ஃபிளாஷ் எந்த நேரத்திலும் கூடாது. இரவு பந்தயத்தில் கடுமையான பிரேக் வளைவின் வெளிப்புறம் போனால் சிவந்து ஒளிரும் பிரேக் தட்டுகளைப் பார்க்கலாம், பக்கவாட்டு பேனில் அது அருமையாக வரும்.

13. பொறுக்குவது

கேமராவின் சின்னத் திரையை நம்பி டிராக்கிலேயே அழிக்காதீர்கள், அங்கே எல்லாமே தெளிவாகத் தெரியும், இல்லை வெயிலில் எதுவுமே தெரியாது. வீட்டில் பெரிய திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஹெல்மெட்டையும் வண்டி எண்ணையும் மட்டும் பாருங்கள். இரண்டும் கலங்கலா, யோசிக்காமல் தூக்குங்கள். ஒரே வண்டி ஒரே வளைவில் பதினைந்து படம் இருந்தால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியவற்றில் அடிவானக் கோட்டைச் சரிசெய்து, வானத்திலுள்ள தூசிப்புள்ளிகளை நீக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் வகுப்பு, வண்டி எண், வளைவின் பெயர் எழுதி வையுங்கள். போட்டியாளர் பட்டியலை அன்றே ஒரு படம் பிடித்து வைத்திருந்தால் எண்ணை வைத்து யார் என்று கண்டுபிடித்துவிடலாம். கிளப் ரேஸ்களில் ஓட்டுபவர்களுக்குத் தங்களுடைய நல்ல படம் கிடைப்பதே அரிது. டிக்கெட் விதியில் தடையில்லை என்றால் இரண்டு படம் அனுப்பி வையுங்கள், அடுத்த முறை பிட் (அணிகள் வண்டியைப் பழுது பார்க்கும் இடம்) பக்கம் வரச்சொல்லிக் கூப்பிடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.